குழந்தை வைத்தியருக்குக் கணக்குப் பாடம் வேண்டுமா?

2025ஆம் ஆண்டு மே மாதம் 1ஆம் தேதியிலிருந்து, மலேசியாவில் தனியார் கிளினிக்குகளும் மருந்துக் கடைகளும் தாம் விற்கும் மருந்துகளின் விலையைப் பொதுமக்கள் காணும்படி வைக்க வேண்டும் என்ற உத்தரவு நடப்புக்கு வந்தது. அவ்வுத்தரவு 2011ஆம் ஆண்டின் விலைக் கட்டுப்பாடு, கொள்ளை லாபத் தடுப்புச் சட்டத்தின் கீழ்ப் பிறந்தது. கடைக்காரர்களாகிய நம்மைக் கட்டுப்படுத்தும் அதே சட்டந்தான் அது. அம்மாதம் 6ஆம் தேதி டாக்டர்கள் பலர் புத்ராஜாயாவில் கூடி ஊர்வலமாகச் சென்று தங்கள் ஆட்சேபத்தைத் தெரிவித்தனர். மருந்து விலையை மறைப்பது தங்கள் நோக்கமன்று என்றும், வியாபாரத்திற்கென்று இயற்றிய சட்டத்தைக் கிளினிக்குக்குள் கொண்டு வருவதே தங்களுக்கு உடன்பாடன்று என்றும் அவர்கள் வாதாடினர்.

இச்செய்தியைப் படிக்கும் வணிகருக்கு இரண்டு எண்ணங்கள் எழக்கூடும். நம்முடன் ஒரே வரிசையில் வைத்துப் பேசப்படுவது டாக்டர்களுக்கு ஏன் இவ்வளவு கசக்கிறது என்பது ஒன்று. அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கத்தான் செய்கிறது, பிள்ளையின் காய்ச்சலும் பருப்பு மூட்டையும் ஒன்றாகுமா என்பது மற்றொன்று. இவ்விரண்டு எண்ணங்களுக்கும் நடுவில் ஒரு பழைய கேள்வி கிடக்கிறது. வைத்தியம் வியாபாரந்தானா? அக்கேள்வியின் ஒரு கிளையை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டு ஆராய விரும்புகிறோம். குழந்தை மருத்துவத்தில் பயிற்சி பெறும் இளம் டாக்டருக்கு, கிளினிக் நடத்தும் கலையை, அதாவது வாடகை, சம்பளம், கொள்முதல், இருப்பு, கடன், கட்டணம் ஆகியவற்றின் கணக்கை, சொல்லிக் கொடுக்க வேண்டுமா? சொல்லிக் கொடுத்தால் அவர் நல்ல வைத்தியராவாரா, அல்லது வெறும் வியாபாரியாவாரா?

முதலில் அவர் வளரும் வழியைப் பார்ப்போம். மருத்துவக் கல்லூரியில் சுமார் ஐந்து ஆண்டுகள். பிறகு அரசாங்க மருத்துவமனையில் பயிற்சி டாக்டராக இரண்டு ஆண்டுகள். 2008ஆம் ஆண்டுக்கு முன் இஃது ஓராண்டாக இருந்தது. அதன்பின் மேலும் சில காலம் அரசாங்கச் சேவை. குழந்தை மருத்துவத்தில் நிபுணராக விரும்பினால் பல்கலைக்கழகத்தில் நான்காண்டு மேற்படிப்பு, அல்லது இங்கிலாந்துக் கல்லூரியின் தேர்வு வழி. கூட்டிப் பார்த்தால் நிபுணர் என்ற பெயர் கிடைக்கும்போது அவர் முப்பது வயதைக் கடந்திருப்பார். இத்தனை ஆண்டுகளும் அவர் பெரும்பாலும் அரசாங்க மருத்துவமனையின் கூரைக்குள்ளேயே வளர்ந்தவர். மாதம் பிறந்தால் சம்பளம் வரும். மருந்து கிடங்கிலிருந்து வரும். தாதியரை யாரோ நியமிப்பார்கள். மின்சாரக் கட்டணம் என்ன, தடுப்பூசி ஒன்றின் அடக்க விலை என்ன என்பன அவருடைய காதில் விழ வேண்டிய அவசியமே இல்லை.

அத்தகையவர் ஒரு நாள் கடைவீட்டின் கீழ்த்தளத்தில் பெயர்ப்பலகை மாட்டுகிறார். 2016ஆம் ஆண்டின் கடைசியிலிருந்து இளம் டாக்டர்கள் ஒப்பந்த அடிப்படையில் அமர்த்தப்பட்டதும், நிலையான வேலை வேண்டி 2021ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் தேதி அவர்கள் வேலையை விட்டு வெளிநடப்புச் செய்ததும் நாடறிந்தவை. ஆகவே தனியார் தொழிலுக்கு வரும் வழி ஆசையால் மட்டும் திறப்பதன்று. எவ்வழியாக வந்தாலும், வந்த முதல் மாதமே அவர் முதலாளியாகிவிடுகிறார். நம் கடைகளில் ஒரு பையன் கூட்டிப் பெருக்கி, மூட்டை அவிழ்த்து, நிறுத்துக் கொடுத்து, பெட்டியடியில் உட்கார்ந்து, பின்னரே கணக்குப்பிள்ளையாகி முதலாளியாவான். டாக்டரோ கல்லாப்பெட்டியை முதன்முதலாகத் திறக்கும் நாளிலேயே முதலாளி.

இனி, கணக்குப் பாடம் வேண்டாம் என்போரின் கட்சியைக் கேட்போம். அவர்கள் அறிவிலிகள் அல்லர். மனித மனத்திற்கு ஓர் இயல்பு உண்டு, எதை நாள்தோறும் எண்ணுகிறோமோ அதன்மேல் ஆசை வளரும் என்பர். காலையில் நாற்பது பிள்ளைகளைப் பார்த்தோம் என்பதை மாலையில் நாற்பது ரசீதுகளாகக் கூட்டப் பழகியவர், மறுநாள் காலையில் வரும் பிள்ளையையே ரசீதாகக் காணத் தொடங்கிவிட மாட்டாரா? பயிற்சிக் காலம் மனம் இளகியிருக்கும் காலம். அப்போது நோயைப் பற்றியும் தாயின் கண்ணீரைப் பற்றியும் மட்டும் கற்கட்டும். காசைப் பற்றி உலகம் பிற்பாடு கற்றுக் கொடுத்துவிடும் என்பது அவர்கள் வாதம்.

இவ்வாதத்தை நாம் எளிதில் தள்ளிவிட முடியாது. எண்ணும் பழக்கம் கண்ணை என்ன செய்யும் என்பதை நம்மைக் காட்டிலும் நன்கறிந்தவர் யார்? வாடிக்கைக்காரர் வாசற்படி ஏறும்போதே இவர் பத்து வெள்ளிக்காரர், இவர் நூறு வெள்ளிக்காரர் என்று மனம் தரம் பிரித்துவிடுவதை வணிகர் யாரும் மறுக்க மாட்டார். ஆனால், எண்ணாதிருப்பதால் மனம் தூய்மையாகவே இருந்துவிடும் என்ற முடிவுதான் நமக்கு ஏற்புடையதாக இல்லை. ஒரு தொழில் நடக்கிறதென்றால் அதன் கணக்கை யாரோ ஒருவர் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். முதலாளி பார்க்காவிட்டால் பங்காளி பார்ப்பார். பங்காளி பார்க்காவிட்டால் கடன் கொடுத்தவர் பார்ப்பார். கணக்கறியாத டாக்டர் கணக்கிலிருந்து விடுதலை பெற்றவராக மாட்டார். கணக்கறிந்த இன்னொருவருக்கு வேலைக்காரராவார். அந்த இன்னொருவர் எந்தப் பிள்ளையின் நெஞ்சிலும் குழல் வைத்துக் கேட்டவர் அல்லர்.

இதற்குச் சிங்கப்பூரில் நடந்த ஒன்றையே எடுத்துக்காட்டலாம். கம்பெனி ஊழியர்களையும் காப்புறுதிக்காரர்களையும் கிளினிக்குகளுக்கு அனுப்பிவைக்கும் இடைநிலை நிறுவனங்கள் அங்கே உண்டு. அனுப்பிய ஒவ்வொரு நோயாளிக்காகவும் டாக்டர் வாங்கும் கட்டணத்தில் இத்தனை விழுக்காடு என்று அவை டாக்டரிடமிருந்து பெற்று வந்தன. வியாபாரத்தில் இது தரகு. சிங்கப்பூர் மருத்துவ மன்றம் 2016ஆம் ஆண்டில் திருத்திய ஒழுக்க விதிகளில், அந்த நிறுவனங்கள் உண்மையில் செய்யும் வேலைக்குரிய கூலியைக் கொடுக்கலாம், டாக்டரின் கட்டணத்தில் பங்காகக் கொடுத்தல் ஆகாது என்று வரையறுத்தது. 2017ஆம் ஆண்டு ஜூலை முதல் அவ்விதி நடப்புக்கு வந்தது. கட்டணத்தில் பங்கு கேட்பவருக்குக் கட்டணம் பெருகுவதே லாபம். அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட டாக்டர் எல்லாரும் பேராசைக்காரர்கள் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. ஒப்பந்தத்தைப் படித்துப் பொருள் கொள்ளும் பாடம் யாரும் சொல்லித் தராததாலும் அந்தக் கை நீண்டிருக்கலாம்.

இஃது ஒரு புறம். மறுபுறத்தில் இன்னும் அழுத்தமான ஒரு காரணம் இருக்கிறது. வைத்தியம் வேறு, கிளினிக் நடத்துவது வேறு என்று நாம் பிரித்துப் பேசுகிறோமே, அந்தப் பிரிவே சரியா? குழந்தை வைத்தியத்தில் அவ்விரண்டும் பின்னிக் கிடப்பதற்கு மூன்று எடுத்துக்காட்டுகள் சொல்வோம்.

தடுப்பூசி மருந்துகளை 2 பாகை முதல் 8 பாகை வரையிலான குளிரில் வைத்திருக்க வேண்டும். சூடேறினால் சக்தி குறையும் என்பது பலரும் அறிந்தது. உறைந்து போனாலும் அவற்றுள் சில வீணாகிவிடும் என்பது அத்தனை பேர் அறியாதது. உறைந்து உருகிய மருந்து பார்வைக்கு நல்ல மருந்தைப் போலவே தோன்றக்கூடும். அதைப் போட்டுக்கொண்ட பிள்ளைக்கு ஊசி போட்ட வலி உண்டு, காப்பு இல்லை. குளிர்ப்பெட்டியின் அளவைக் காலையும் மாலையும் பார்த்து எழுதுவது, முன்னே காலாவதியாகும் சரக்கை முன்னே எடுப்பது, மின்சாரம் நின்றால் என்ன செய்வதென்று ஏற்கெனவே தீர்மானித்து வைப்பது ஆகிய யாவும் இருப்புக் கணக்கு வேலைகள். அதே சமயம் அவை வைத்தியமும் ஆகும்.

அடுத்தது, எல்லா வீட்டிலும் இருக்கும் பாராசிட்டமோல் காய்ச்சல் மருந்து. பிள்ளைகளுக்கு மருந்து எடைக்குத் தக்கபடி கொடுக்கப்படுகிறது. அதனால்தான் நம் கடையைப் போலவே குழந்தை வைத்தியரின் அறையிலும் ஒரு தராசு இருக்கிறது. கிலோ ஒன்றுக்கு 15 மில்லிகிராம் என்று கொண்டால், 10 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 150 மில்லிகிராம். இந்த மருந்து 5 மில்லிலிட்டரில் 120 மில்லிகிராம் கொண்டதாகவும், 250 மில்லிகிராம் கொண்டதாகவும் இரண்டு வகையில் வருகிறது. முதல் வகையில் அப்பிள்ளைக்கு 6 மில்லிலிட்டருக்குச் சற்று அதிகம் வேண்டும். இரண்டாம் வகையில் 3 மில்லிலிட்டரே போதும். பெயரும் நிறமும் ஒத்த இரு புட்டிகளை ஒரே தட்டில் அடுக்கி, அவசரத்தில் ஒன்றுக்கு மற்றொன்றை எடுத்துக் கொடுத்தால் பிள்ளை இரண்டு பங்கு மருந்தைக் குடித்துவிடும். எந்த வகையை வாங்குவது, எப்படி அடுக்குவது, சீட்டில் என்ன எழுதுவது, கொடுக்கும் பெண்ணுக்கு என்ன பழக்குவது என்பவை கடை நடத்தும் விஷயங்கள் என்று ஒதுக்கக் கூடியவையா?

மூன்றாவது டெங்கி. இக்காய்ச்சலின் கொடுமை என்னவென்றால், உடம்புச் சூடு தணியும் நாளே ஆபத்து நாளாக இருக்கக்கூடும். பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும்போது, சிலருக்கு இரத்தத்தின் நீர் குழாய்களிலிருந்து கசியத் தொடங்குகிறது. காய்ச்சல் விட்டது, பிள்ளை பிழைத்தது என்று பெற்றோர் மகிழ்ந்து வீட்டிலேயே இருந்துவிடுகின்றனர். முதல் நாள் நல்ல வைத்தியம் செய்த டாக்டர், நான்காம் நாள் அந்தப் பிள்ளை ஏன் இரத்தப் பரிசோதனைக்கு வரவில்லை என்று கேட்டு ஆள் விட வேண்டும். அதற்கு ஒரு பதிவேடு வேண்டும். அதைத் தினமும் புரட்ட ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்குச் சம்பளம் கொடுக்கக் கணக்கில் இடம் வேண்டும். நம்மிடம் கடன் வாங்கியவர் தவணை நாளில் வராவிட்டால் அன்று மாலையே பேரேட்டைப் புரட்டி ஆள் அனுப்புகிறோம். பணத்தைத் தேடும் பேரேடு நம்மிடம் இருக்கிறது. பிள்ளையைத் தேடும் பேரேடு டாக்டரிடம் இருக்க வேண்டாமா?

ஆகவே கணக்கும் ஒழுங்கும் வைத்தியருக்கு வேண்டும் என்ற முடிவுக்கு வருகிறோம். ஆனால் இங்கே நின்றுவிட்டால் நாம் பாதியே சொன்னவர்களாவோம். வணிகராகிய நாம், எங்கள் கடைப் பாடத்தை அப்படியே எடுத்துப் படித்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர்களிடம் நீட்டிவிட முடியாது. நம் தொழிலின் அடித்தளத்துக்கும் அவர்கள் தொழிலின் அடித்தளத்துக்கும் வேறுபாடுகள் உள்ளன.

நம் கடையில் பொருளைக் கேட்பவரும், பார்த்துத் தேர்ந்தெடுப்பவரும், பணம் கொடுப்பவரும், உண்பவரும் பெரும்பாலும் ஒருவரே அல்லது ஒரே வீட்டார். அரிசி புழுத்திருந்தால் மறுநாள் வாசலில் வந்து நிற்பார். குழந்தை வைத்தியரிடம் மருந்து உண்பவர் பேசத் தெரியாத பிள்ளை. பணம் கொடுப்பவர் அச்சத்தில் இருக்கும் பெற்றோர். என்ன வாங்குவது என்று தீர்மானிப்பவரோ விற்பவரே. இவ்வாறு விற்பவரே வாங்குபவருக்காகத் தீர்மானிக்கும் கடை உலகில் வேறெங்கு உண்டு? ஒருவர் தம் பொருளை நம்மிடம் ஒப்படைத்துச் சென்றால் அதை அமானிதம் என்கிறோம். அதில் லாபம் பார்க்கும் எண்ணமே நமக்கு எழக் கூடாது. டாக்டரின் மேசைமேல் கிடத்தப்படும் பிள்ளை விற்பனைக்கு வந்த வாடிக்கை அன்று, அமானிதம்.

மற்றொரு வேறுபாடு இதனினும் நுட்பமானது. நல்ல சரக்கு விற்றால் வாடிக்கைக்காரர் அடிக்கடி வருவார் என்பது நம் தொழிலின் விதி. நல்ல குழந்தை வைத்தியம் நடந்தாலோ பிள்ளை அடிக்கடி வராது. தடுப்பூசி பலித்தால் நோய் இல்லை; தாய்க்குச் சொன்ன புத்தி பலித்தால் வயிற்றுப்போக்கு முற்றுவதில்லை. தம் திறமையாலேயே தம் வரவைக் குறைத்துக்கொள்ளும் தொழில் அது. விற்பனை பெருகுவதே வெற்றி என்ற நம் அளவுகோலை அங்கே கொண்டுபோய் வைத்தால் கெட்ட வைத்தியமே முதல் பரிசு வாங்கும்.

சாதாரணச் சளிக்காய்ச்சலை எடுத்துக்கொள்வோம். பிள்ளைகளுக்கு வரும் சளிக்காய்ச்சலில் பெரும்பாலானவை வைரஸ் கிருமியால் வருபவை. அவற்றுக்கு ஆன்டிபயாடிக் மருந்து பயன்படாது. தேவையின்றிக் கொடுத்தால் வேறு கிருமிகள் அம்மருந்தை எதிர்க்கப் பழகிக்கொள்ளும். பின்னர் உண்மையில் வேண்டிய நாளில் அது கைகொடுக்காது. ஆனால் தகப்பனார் கடையை விட்டு வந்து ஒரு மணி நேரம் காத்திருந்திருக்கிறார். வெறுங்கையோடு போக அவருக்கு மனமில்லை. மருந்து வேண்டாம், நீர் நிறையக் கொடுங்கள், மூச்சு இரைத்தால் உடனே தூக்கி வாருங்கள் என்று விளக்கப் பத்து நிமிடம் ஆகும். புட்டியை எடுத்துக் கொடுக்க ஒரு நிமிடம் ஆகும். பத்து நிமிடப் பேச்சுக்குக் கூலி குறைவு. ஒரு நிமிடப் புட்டிக்கு லாபம் உண்டு.

நம் நாடுகளில் டாக்டரே மருந்தும் விற்பது நெடுநாளைய வழக்கம். மலேசியாவில் 2006ஆம் ஆண்டின் விதிகள், சாதாரண டாக்டர் பார்வைக் கட்டணம் 10 வெள்ளி முதல் 35 வெள்ளி வரை என்று வரையறுத்தன. வாடகையும் சம்பளமும் ஏறிய பின்னும் பல ஆண்டுகள் அந்த அளவு அசையாமல் நின்றது. பேச்சுக்குரிய விலையை அழுத்திப் பிடித்து, புட்டிக்குரிய விலையைத் திறந்து விட்டால், கடை நடத்தத் தெரிந்த எவரும் எந்தப் பக்கம் சாய்வார் என்று நமக்குச் சொல்லத் தெரியாதா? ஒரு தட்டில் கல்லைக் கட்டிவிட்டுத் தராசு நேராக நிற்கவில்லையே என்று டாக்டரை மட்டும் குறை கூறுவது நீதியாகாது. ஆயினும், தராசு சாய்ந்திருக்கிறது என்று அறிந்துகொண்டால்தான் அவர் தம் கையை எதிர்ப்பக்கம் வைக்க முடியும். கணக்கறியாதவர் தாம் சாய்வதையே அறியாமல் சாய்வார். கணக்குப் பாடத்தின் முதற்பயன் இதுவே என்று நாம் கருதுகிறோம்.

கட்டணத்துக்கு எல்லை எது என்ற கேள்வியும் இங்கே எழுகிறது. சிங்கப்பூரில் மருத்துவச் சங்கம் 1987ஆம் ஆண்டு முதல் ஒரு கட்டண வழிகாட்டி வெளியிட்டு வந்தது. போட்டிச் சட்டத்துக்கு அது முரணாகலாம் என்ற நிலை வந்தபோது 2007ஆம் ஆண்டில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. பின்னர் 2018ஆம் ஆண்டில் சுகாதார அமைச்சே அறுவைச் சிகிச்சைகளுக்கு நியாயக் கட்டண அளவுகளை வெளியிடத் தொடங்கியது. இடையில், 2013ஆம் ஆண்டில் ஒரு தீர்ப்பு வந்தது. வழக்கு குழந்தை மருத்துவம் பற்றியதன்று. அறுவை மருத்துவர் ஒருவர், வெளிநாட்டுச் செல்வக் குடும்பத்தைச் சேர்ந்த நோயாளிக்கு 2007ஆம் ஆண்டில் செய்த சிகிச்சைக்காக 2 கோடி வெள்ளிக்கு மேல் பில் போட்டது பற்றியது. கொடுப்பவர் ஒப்பிய விலையை வாங்குவதில் என்ன குற்றம் என்ற வாதத்தை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. ஒப்பந்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், நியாயமான எல்லையைக் கடந்து கட்டணம் வாங்கலாகாது என்ற கடமை டாக்டரின் தொழிலுக்குள்ளேயே இருக்கிறது என்று அது தீர்த்தது.

இத்தீர்ப்பை வணிகர்கள் நின்று யோசிக்க வேண்டும். விற்பவர் சொல்லி வாங்குபவர் சம்மதித்தால் விலை முடிந்தது என்பது கடைத்தெரு நியாயம். அந்நியாயம் ஏன் வைத்தியத்தில் போதவில்லை? சம்மதம் என்ற சொல்லுக்குப் பொருள் வேண்டுமானால், மறுத்துவிட்டு அடுத்த கடைக்குப் போகும் வலு வாங்குபவருக்கு இருக்க வேண்டும். நள்ளிரவில் மூச்சுத் திணறும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த தாய்க்கு அவ்வலு எங்கே? சொன்ன விலைக்கு அவள் தலையசைப்பது சம்மதமாகாது. அந்நேரத்தில் விலையை நியாயமாக வைக்கும் பொறுப்பு முழுவதும் ஒருவர் தலைமேல் மட்டுமே விழுகிறது.

டாக்டர்கள் வியாபாரச் சட்டத்தை ஆட்சேபித்தனர் என்று தொடங்கினோம். 12ஆம் நூற்றாண்டில் ஷாம் நாட்டில் ஷைஸரி என்பவர் எழுதிய சந்தைக் கண்காணிப்பு நூலை இவ்விடத்தில் நினைவூட்டலாம். சந்தை மேற்பார்வையாளரான முஹ்தஸிப் யார் யாரைக் கவனிக்க வேண்டும் என்று கூறும் அந்நூலில், மாவு வியாபாரி, ரொட்டிக்காரர், மருந்துச் சரக்கு விற்பவர் ஆகியோருடன் வைத்தியருக்கும் ஓர் அத்தியாயம் உண்டு. ஆனால் மாவு வியாபாரியிடம் எடையும் கலப்படமும் பார்த்தால் போதும். வைத்தியரிடமோ சத்தியப் பிரமாணமும் வாங்க வேண்டும் என்று அந்நூல் சொல்கிறது. சந்தைக்கு வெளியே அவர் நிற்கவில்லை. சந்தைக்குள்ளேயே, மற்றவர்களைவிட ஒரு கட்டு அதிகமாகக் கட்டப்பட்டு நின்றார். நம் கேள்விக்கும் விடை அவ்விடத்தில்தான் இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது.

அப்படியானால் பயிற்சியில் இருக்கும் குழந்தை டாக்டருக்கு எதைச் சொல்லிக் கொடுப்பது? விற்பனையைப் பெருக்கும் வித்தையை அன்று. தம் கிளினிக்கின் ஒரு நாள் செலவு எவ்வளவு என்று காணச் சொல்லிக் கொடுக்க வேண்டும். அது தெரிந்தால்தான் எவ்வளவு வாங்கினால் போதும் என்பதும் தெரியும். போதும் என்ற இலக்கம் இல்லாதவருக்கு எந்த வரவும் போதாது. ஒப்பந்தத்தைப் படிக்கவும், விழுக்காடு கேட்பவரை மறுக்கவும் சொல்லிக் கொடுக்க வேண்டும். தனியார் கிளினிக்குகளைப் பதிவு செய்யும் 1998ஆம் ஆண்டுச் சட்டம், 2006ஆம் ஆண்டு மே மாதம் நடப்புக்கு வந்தது. அது கேட்கும் பதிவும் ஒழுங்கும் என்னவென்று கிளினிக் திறக்கும் முன்னரே அவர் அறிந்திருக்க வேண்டும். இவற்றை வகுப்பறையில் மட்டும் கற்க முடியாது. நாணயமாக நடக்கும் ஒரு கிளினிக்கில் சில வாரங்கள் உட்கார்ந்து, குளிர்ப்பெட்டிக் குறிப்பையும் வராத பிள்ளைகளின் பதிவேட்டையும் தாமே எழுதிப் பழக வேண்டும்.

இலவச வைத்தியத்தையும் கணக்கில் கற்பிக்க வேண்டும். இது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். வரவில் ஒரு பங்கை மகமை என்று முதலிலேயே தனியே ஒதுக்கும் வழக்கம் தமிழ் வணிகர்களுக்குப் புதிதன்று. ஒதுக்கியதால் அந்தப் பணம் தங்கியது. மனம் போன போக்கில் கொடுத்திருந்தால் ஒரு மாதம் அள்ளிக் கொடுத்து மறு மாதம் கதவைச் சாத்தியிருப்போம். ஏழைப் பிள்ளைக்குக் காசு வாங்காத டாக்டரும் அவ்வாறே மாதத்திற்கு இவ்வளவு என்று தம் ஏட்டில் ஒரு பக்கம் வைக்கட்டும். அவ்வாறு வைக்காதவர், இரக்கப்பட்டு விட்டுக்கொடுத்ததை அடுத்து வருபவர் தலையில் ஏற்றிவிடுவார்; அல்லது கடனில் மூழ்கிக் கதவை மூடுவார். மூடிய கிளினிக்கில் ஏழைக்கும் வைத்தியமில்லை, செல்வருக்கும் வைத்தியமில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, எங்கே கணக்கை நிறுத்துவது என்பதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். நிமோனியாவைத் தடுக்கும் நியூமோகாக்கஸ் தடுப்பூசியைப் பெற்றோர் பணம் கொடுத்துத் தனியார் கிளினிக்கில் போட்டுக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. 2020ஆம் ஆண்டின் இறுதியில் மலேசியாவின் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் அது சேர்க்கப்பட்டு, அரசாங்கக் கிளினிக்கில் இலவசமாயிற்று. குளிர்ப்பெட்டியில் அதே மருந்தைப் பணம் போட்டு வாங்கி வைத்திருக்கும் டாக்டரிடம், கையில் காசு குறைந்த தாய் ஒருத்தி பிள்ளையோடு வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். காலாவதி நாள் நெருங்குகிறது. அவர் வாய் திறந்து, அம்மா, இது சுகாதாரக் கிளினிக்கில் இலவசமாகக் கிடைக்கும் என்று சொல்வாரா? ஏடு ஒன்று சொல்கிறது. அமானிதம் வேறொன்று சொல்கிறது. நஷ்டம் எவ்வளவு என்று துல்லியமாக அறிந்த பின்னும் அந்த வார்த்தையைச் சொல்பவரே நாம் தேடும் வைத்தியர். சரக்கின் குறையை மறைக்காமல் சொல்லி விற்பவனே நாணயமான வியாபாரி என்று நம் மூத்தவர்கள் நமக்குச் சொன்னதன் வைத்திய வடிவம் இதுவே.

முடிவாக, இவ்விஷயத்தில் நமக்கும் பங்கு உண்டு என்பதைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. நம் கடைவீடுகளில்தான் கிளினிக்குகள் வாடகைக்கு இருக்கின்றன. நம் பிள்ளைகள் மருத்துவம் படிக்கிறார்கள். அவர்கள் கிளினிக் திறக்கும்போது முதல் போடுபவர்களும் நம்மில் உண்டு. அப்படி முதல் போடும்போது, நியாயமான வாடகையோ தவணையோ கேட்போம்; மருந்து விற்பனையில் இத்தனை பங்கு என்று கேட்காதிருப்போம். பங்கு கேட்ட அந்த நாளிலேயே, தேவையற்ற புட்டி ஒவ்வொன்றிலும் நாம் பங்காளியாகிவிடுகிறோம். டாக்டரிடம் போகும்போது, மருந்து வேண்டாம் என்று அவர் பத்து நிமிடம் பேசினால் அந்தப் பேச்சுக்கு முகம் சுளிக்காமல் பணம் கொடுப்போம். பேச்சை இலவசமாகவும் புட்டியை விலைக்கும் கேட்கும் வாடிக்கைக்காரர்களாக நாம் இருக்கும் வரை, வைத்தியரை வியாபாரியாக்குபவர்களின் வரிசையில் நாமும் நிற்கிறோம் என்பதை மறந்துவிடக் கூடாது.

குழந்தை வைத்தியருக்குக் கணக்குப் பாடம் வேண்டும். அதைச் சொல்லிக் கொடுக்கும் தகுதி நம் சமூகத்தில் பலருக்கு உண்டு. சொல்லிக் கொடுக்கும்போது ஏட்டின் இரண்டு பக்கத்தையும் சொல்லிக் கொடுப்போம். பற்றும் வரவும் எழுதுவது ஒரு பக்கம். எதை ஒருநாளும் விற்பனைக்கு வைப்பதில்லை என்று எழுதி வைப்பது மறுபக்கம்.